“போர் அடிக்குது” என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு

கேள்வி: வீட்டில் ஐந்து வயதில் ஒன்று, ஒன்பது வயதில் ஒன்று. பள்ளி விடுமுறை. எங்கேயாவது பார்த்து ஒரு கைவேலை சொல்லிக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு “போர் அடிக்குது, போன் குடு” என்று வந்து நிற்கிறார்கள். புதிதாக எதுவும் வாங்காமல், நான் கூடவே உட்கார்ந்திருக்காமல், இவர்களை எப்படிக் கொஞ்ச நேரம் ஈடுபடுத்துவது?

பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறதென்றால், கொடுத்த வேலை அவ்வளவுதான் தாங்கும் என்று அர்த்தம். படத்தில் இருக்கும் காகிதப் பூனையைக் காட்டி அதேபோல ஒன்று செய்யச் சொல்கிறோம். காதை ஒட்டி மீசையை வரைந்தால் பூனை தயார். அப்புறம் அதை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றும் இல்லை. என்ன வரப்போகிறது என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்ட வேலையில் பிள்ளைகள் தங்க மாட்டார்கள், பெரியவர்களும்தான். அதனால் ஒரு கைவேலையோ விளையாட்டோ கண்ணில் பட்டால் நான் ஒன்றை மட்டும் பார்ப்பேன். செய்து முடித்த பிறகு “இதையே கொஞ்சம் மாற்றிச் செய்தால் என்ன ஆகும்?” என்று பிள்ளைக்குத் தோன்றுமா? தோன்றுமென்றால் அது நெடுநேரம் ஓடும். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அப்படித் தேறியவை.

பொருட்களுக்கு அலைய வேண்டாம். பழைய நாளிதழ், அட்டைப்பெட்டிகள், ஒரு பக்கம் எழுதிய தாள்கள், நூல், ரப்பர் பேண்ட், பேப்பர் கிளிப், டேப், பசை, பாட்டில் மூடிகள், ஜோடி தொலைந்த சாக்ஸ், அலுமினியத் தாள், முனை மழுங்கிய கத்தரிக்கோல். இவ்வளவையும் ஒரு பெட்டியில் போட்டு அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். அலமாரியின் மேல்தட்டில் வைத்தால் ஒவ்வொரு கிளிப்புக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஓர் இடத்தில் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் முடிகிற உதிரிப் பொருட்கள் எத்தனை வகை இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு அங்கே கற்பனையும் கண்டுபிடிப்பும் நடக்கும் என்று சைமன் நிக்கல்சன் என்பவர் 1971-ல் எழுதினார். பொம்மையை ஓரமாக வைத்துவிட்டு அது வந்த பெட்டிக்குள் ஏறி உட்காரும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

பெரிய பிள்ளைக்கு இன்றைக்கே ஒன்று வேண்டுமென்றால் காகிதப் பட்டையில் ஆரம்பியுங்கள். நாளிதழிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் நீளமாக ஒரு பட்டை வெட்டச் சொல்லுங்கள். இரண்டு நுனிகளையும் வளையமாகச் சேர்க்கும்போது ஒரு நுனியை மட்டும் அரைச் சுற்று திருப்பி டேப் போட வேண்டும். இப்போது பட்டையின் நடுவே பேனாவால் கோடு இழுத்துக்கொண்டே போகட்டும். பேனாவை எடுக்காமலேயே கோடு ‘இரண்டு பக்கமும்’ ஓடி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அதாவது இந்த வளையத்துக்கு ஒரே ஒரு பக்கம்தான். ஆகஸ்ட் மோபியஸ், யோஹன் லிஸ்டிங் என்ற இரண்டு ஜெர்மானியக் கணிதவியலாளர்கள் 1858-ல் தனித்தனியாக இதைக் கவனித்தார்கள். மோபியஸ் பெயர் நிலைத்துவிட்டது.

வேடிக்கை இதற்கப்புறம்தான். அந்த நடுக்கோட்டிலேயே சுற்றிலும் வெட்டினால் என்ன கிடைக்கும் என்று வெட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். “ரெண்டு வளையம்” என்றுதான் பதில் வரும். வெட்டி முடித்தால் இரண்டு மடங்கு நீளத்தில், முறுக்கிக்கொண்ட ஒரே வளையம் கையில் இருக்கும். அதையே மறுபடி நடுவில் வெட்டினால்? இந்த முறை ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு வளையங்கள். புதிதாக இன்னொரு வளையம் செய்து, நடுவில் வெட்டாமல் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வெட்டிக்கொண்டே போனால் ஒரு சின்ன வளையமும் அதில் கோத்தபடி ஒரு பெரிய வளையமும் வரும். எதையும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். இந்த விளையாட்டின் உயிரே பிள்ளையின் ஊகம் தப்பாகிப்போகும் அந்த நொடியில் இருக்கிறது. கடைசியாக ஒன்று: திருகாத சாதாரண வளையங்கள் இரண்டை, ஒரே அளவில், கூட்டல் குறி மாதிரி குறுக்காக ஒட்டச் செய்யுங்கள். இரண்டையும் நடுவில் வெட்டினால் வட்டம் எல்லாம் போய் ஒரு சதுரச் சட்டம் தரையில் விரியும். அரைச் சுற்றுக்குப் பதில் முழுச் சுற்று திருப்பினால், ஒன்றரைச் சுற்று திருப்பினால் என்று அவர்களே போய்க்கொண்டிருப்பார்கள். நாளிதழ் தீர்ந்தால்தான் நிற்கும்.

அடுத்து, காகித ஹெலிகாப்டர். ஐந்து சென்டிமீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் நீளம் உள்ள தாள் போதும். மேலிருந்து நடுவாக எட்டு சென்டிமீட்டர் வரை வெட்டினால் இரண்டு இறக்கைகள். அதற்குச் சற்றுக் கீழே, இரண்டு ஓரங்களிலிருந்தும் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வெட்டி, கீழ்ப்பகுதியை இருபுறமிருந்தும் மடித்தால் காம்பு. அதன் நுனியைக் கொஞ்சம் மேலே மடக்கி ஒரு பேப்பர் கிளிப் மாட்டுங்கள். இறக்கைகளில் ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மடித்து, நாற்காலி உயரத்திலிருந்து விட்டால் சுழன்றுகொண்டே இறங்கும். கீழே விழும்போது காற்று இரண்டு இறக்கைகளையும் அடியிலிருந்து தள்ளுகிறது. அவை எதிரெதிர்த் திசையில் இருப்பதால் அந்தத் தள்ளல் சுழற்சியாக மாறுகிறது. இறக்கைகளை மாற்றி மடித்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். இரண்டு கிளிப் போட்டால்? இறக்கையைப் பாதியாக வெட்டினால்? கிளிப்பே இல்லாவிட்டால்? தரையில் ஒரு தட்டை வைத்து அதற்குள் யாருடையது இறங்குகிறது என்று போட்டி வைத்தால் சின்னதும் கூடச் சேர்ந்துகொள்ளும். அதற்கு வெட்டிக் கொடுக்கும் வேலையைப் பெரியதிடம் விடுங்கள். அதிகாரம் கிடைத்தால் ஒன்பது வயது மிகவும் பொறுப்பாகிவிடும்.

வரையப் பிடிக்கிற பிள்ளை என்றால் சுழலும் அட்டை ஒன்று. உள்ளங்கை அளவு அட்டை வட்டம். ஒரு பக்கம் பறவை, மறுபக்கம் கூண்டு. இடது வலது ஓரங்களில் துளை போட்டு நூல் கட்டி, முறுக்கிவிட்டு இழுத்தால் பறவை கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும். 1820-களிலேயே விற்பனைக்கு வந்த பொம்மை இது. பின்பக்கப் படத்தைத் தலைகீழாக வரைந்தால்தான் இரண்டும் நேராகச் சேரும். இதையும் நீங்கள் சொல்ல வேண்டாம். கூண்டு தலைகீழாகத் தெரிந்ததும் அவர்களே அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் தொட்டியும் மீனும், தலையும் தொப்பியும் என்று வரிசையாக வரும்.

கத்தரிக்கோலும் பசையும் அலுத்த நேரத்துக்கு வெறும் தாளும் பென்சிலும் போதும். புள்ளிக்கட்டம் தெரியாதவர்கள் குறைவு. வரிசைக்கு நான்காக பதினாறு புள்ளி வைத்து, ஆளுக்கொரு கோடு போட்டு, கட்டத்தை மூடுபவர் அதில் தன் எழுத்தை எழுதிவிட்டு இன்னொரு கோடு போடுவார். பதினாறு புள்ளிக்கு ஒன்பது கட்டம் என்பதால் சமமாக முடியவே முடியாது. எடூவார் லூகா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரிய பிள்ளை உங்களிடம் தோற்று அலுத்துப்போகும்போது ஒரு சூட்சுமத்தை மட்டும் காட்டுங்கள். ஒன்றையடுத்து ஒன்றாக மூடிக்கொண்டே போகக்கூடிய கட்டங்களின் நீளமான வரிசையை எதிராளி திறந்துவிட்டால் எல்லாக் கட்டங்களையும் விழுங்கக் கூடாது. கடைசி இரண்டை விட்டுவிட்டு, அந்த இரண்டும் ஒரே கோட்டில் அடையும்படி முனையை மூடிவிட வேண்டும். எதிராளி அந்த இரண்டையும் எடுத்துக்கொள்வார். ஆனால் கட்டம் மூடியவர் மறுபடி ஆட வேண்டும் என்பதால் அடுத்த வரிசையை அவரே நமக்குத் திறந்துவிட நேரும். இரண்டு கொடுத்து ஐந்தாறு வாங்குகிற இந்த வித்தை பிடிபட்டதும் ஆட்டத்தின் முகமே மாறிவிடும்.

அவ்வளவாக யாருக்கும் தெரியாத ஒன்று, முளை விளையாட்டு. 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜான் கான்வே, மைக்கேல் பேட்டர்சன் இருவரும் சேர்ந்து உருவாக்கியது. தாளில் மூன்று புள்ளி வையுங்கள். உங்கள் முறை வரும்போது ஏதாவது இரண்டு புள்ளிகளைச் சேர்த்தோ, ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி அதற்கே திரும்பியோ ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் புதிதாக ஒரு புள்ளி வைக்க வேண்டும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. ஒரு புள்ளியில் மூன்று கோட்டு முனைகளுக்கு மேல் சேரக் கூடாது. கடைசிக் கோடு போட்டவர் ஜெயித்தார். கோடு நேராக இருக்க வேண்டியதில்லை. எப்படி வேண்டுமானாலும் வளையலாம் என்பதால் ஐந்து வயதும் ஆடலாம். புதுப்புள்ளி வந்துகொண்டே இருந்தால் முடிவே இல்லாமல் போகாதோ என்று பயப்பட வேண்டாம். மூன்று புள்ளியில் ஆரம்பித்தால் எட்டுக் கோட்டுக்கு மேல் போகாது.

இருபத்தொரு பொத்தான்களையோ பாட்டில் மூடிகளையோ பரப்பி, ஆளுக்கு ஒன்று முதல் மூன்று வரை எடுத்து, கடைசியை எடுப்பவர் ஜெயிக்கும் ஆட்டமும் நல்லது. இதில் முதலில் ஆடுபவர் எப்போதும் ஜெயிக்க முடியும்: முதலில் ஒன்றை எடுத்து இருபதை வைத்துவிட்டு, அப்புறம் எதிராளி எடுப்பதோடு சேர்த்து நான்காகும்படி எடுத்துக்கொண்டே வர வேண்டும். ரகசியத்தை நீங்கள் வைத்துக்கொண்டு சில ஆட்டம் ஜெயித்துக் காட்டுங்கள். “எப்படி?” என்ற கேள்வி வந்துவிட்டால் பிள்ளை தனியாக உட்கார்ந்து மூடிகளோடு போராட ஆரம்பித்துவிடும், உங்களுக்கும் வேலை ஓடும். லூகா 1883-ல் வெளியிட்ட ஹனோய் கோபுரமும் இந்த ரகம். அட்டையில் சிறிதும் பெரிதுமாக வட்டங்கள் வெட்டி, மூன்று தட்டுகளில் ஒன்றில் பெரியது அடியில் இருக்கும்படி அடுக்கி, ஒவ்வொன்றாக நகர்த்தி அடுக்கை வேறு தட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பெரியது சிறியதன் மேல் உட்காரக் கூடாது. மூன்று வட்டத்துக்குக் குறைந்தது ஏழு நகர்த்தல், நான்குக்குப் பதினைந்து, ஐந்துக்கு முப்பத்தொன்று.

சரி, சின்னதுக்கு வருவோம். ஐந்து வயதுக்குக் கணக்கை விடக் கைக்குத்தான் வேலை வேண்டும். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு தூள் உப்பு, ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். நன்றாகப் பிசைந்தால் களிமண் மாதிரி ஒரு மாவு கிடைக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். கையில் ஒட்டினால் மாவு, உதிர்ந்தால் தண்ணீர். பிசைவதையும் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள், பாதி நேரம் அதிலேயே போய்விடும். செய்ததைக் காற்றில் உலர்த்தி அடுத்த நாள் வண்ணம் பூசலாம். தடிமனாகச் செய்தால் உள்ளே காயாமல் வெடிக்கும். உப்பு அதிகம் என்பதால் குழந்தையும் சரி, வீட்டு நாயும் சரி, இதைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோள மாவு (கடையில் ‘கார்ன் ஃப்ளவர்’ என்று கிடைக்கும் வெள்ளை மாவு) இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் வருவது வேறு ரகம். மெதுவாக விரலை விட்டால் உள்ளே இறங்கும். ஓங்கிக் குத்தினால் கெட்டியாகத் தடுக்கும். உள்ளங்கையில் வைத்து உருட்டும்வரை உருண்டை, உருட்டுவதை நிறுத்தினால் விரலிடுக்கில் வழிந்துவிடும். அழுத்தும்போது தண்ணீர் விலகி மாவுத் துகள்கள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்வதுதான் காரணம். தரையில் நாளிதழ் விரித்துவிட்டுக் கொடுங்கள். காய்ந்த பிறகு பெருக்கினால் போய்விடும். மிச்சத்தைக் குப்பையில் போட வேண்டும். சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இந்த வயதுக்கு எனக்கு மிகவும் பிடித்தது அலுமினியத் தாள் படகு. ஒரு சாண் சதுரத் தாள் இரண்டு, ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர், ஒரு கிண்ணம் நிறையக் காசுகள். “யார் படகு நிறையக் காசு தாங்கும்?” இவ்வளவுதான் விதி. முதல் படகு கூரான முனையோடு நிஜப் படகு மாதிரியே இருக்கும், சீக்கிரம் மூழ்கும். அடி அகலமாக, சுவர் கொஞ்சம் உயர்ந்து, தட்டு போல இருப்பது அதிகம் தாங்குகிறது என்பது இரண்டு மூன்று படகு மூழ்கிய பிறகு தெரியவரும். காசுகளை ஓரத்தில் குவித்தால் சாய்ந்துவிடும், பரப்பி வைத்தால் தாங்கும் என்பது அதற்கப்புறம். எண்ணிக்கையை எழுதிவைக்கும் வேலை பெரியதுக்கு. தண்ணீர் இருக்கும் இடத்தில் மட்டும் பெரியவர் ஒருவர் கண்ணெதிரில் இருக்க வேண்டும்.

இருவரையும் சேர்த்து விளையாடவைப்பதுதான் கஷ்டம். வயது வித்தியாசம் உள்ள இடத்தில் எல்லாவற்றிலும் போட்டி வைத்தால் பெரும்பாலும் அழுகையில்தான் முடியும். ஆளுக்கொரு வேலை இருக்கிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள். புதையல் வேட்டை அதற்குப் பொருத்தம்: பெரியது குறிப்புகளை எழுதி ஒளித்துவைக்கட்டும், சின்னதுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் படமாக வரையச் சொல்லுங்கள். செருப்பு வைக்கும் இடத்தைப் படத்திலேயே புரியவைப்பதற்குள் பெரியதுக்கு ஒரு மணி நேரம் போய்விடும். முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, ஒருவர் தன் கையில் இருக்கும் படத்தை வாயால் விவரிக்க, மற்றவர் பார்க்காமல் வரைவதும் உண்டு. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சிரித்து மாளாது.

அட்டைப்பெட்டியின் அடிப்பக்கத்தைச் சன்னல் மாதிரி வெட்டி, மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டி, பின்னால் டார்ச் வைத்தால் நிழல் கூத்து நடத்தலாம். அட்டை உருவத்தை வெளிச்சத்தின் பக்கம் நகர்த்தினால் நிழல் பெரிதாகும், தாளின் பக்கம் நகர்த்தினால் சிறிதாகும். இது தெரிந்த நிமிடமே கதையில் ஒரு ராட்சசன் வந்துவிடுவான்.

ஓடித் தீர்க்க வேண்டிய தெம்பு இருக்கும்போது உட்காரச் சொல்லிப் பயனில்லை. அந்த நேரத்தில் தரையில் டேப் ஒட்டிக் கோடுகள் போட்டு, தலையணையைத் தாண்டி, மேசைக்கடியில் தவழ்ந்து, ஒற்றைக்காலில் குதித்து முடிக்கும் தடைப்பாதை ஒன்றை அவர்களையே அமைக்கச் சொல்லுங்கள். கட்டுவதுதான் விளையாட்டு, ஓடுவது அதற்குக் கூலி. நீங்கள் ஒருமுறை அதில் தவழ்ந்துவிட்டீர்கள் என்றால் அடுத்ததை இன்னும் கடினமாக அமைக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

பாதுகாப்பு பற்றி நான்கு விஷயம். பொத்தான் பேட்டரி, சின்னக் காந்தங்கள், தண்ணீரில் ஊறவைத்தால் பெருக்கும் ஜெல் மணிகள் ஆகிய மூன்றும் பெட்டியில் இருக்கவே கூடாது. விழுங்கினால் குடலைப் பாதிக்கும், பேட்டரி சில மணி நேரத்தில் உணவுக்குழாயையே அரித்துவிடும். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு மூச்சை அடைக்கும் ஆபத்துள்ளவை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையும் வீட்டில் இருந்தால், டாய்லெட் பேப்பர் சுருளின் நடு அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதையும் அதன் கைக்கு எட்டவிடாதீர்கள். பாட்டில் மூடி, காசு, பொத்தான் எல்லாம் இதில் வரும். நீளமான நூல் கழுத்தில் போகக் கூடாது.

இனி உங்கள் பங்கு. செய்து முடித்தால் சாக்லேட் தருகிறேன், போன் தருகிறேன் என்று பேரம் பேசாதீர்கள். 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு, வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடந்தது. வரைந்தால் ஒரு பாராட்டுச் சான்றிதழ் கிடைக்கும் என்று சொல்லி வரையவைத்த பிள்ளைகள், அப்புறம் தாங்களாக விளையாடும் நேரத்தில் மற்றவர்களில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுத்த பிள்ளைகளிடம் அந்தச் சரிவு இல்லை. ஆசைப்பட்டுச் செய்த வேலை கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது. “சூப்பர்” என்று சொல்லிவிட்டு நகர்வதைவிட, “இந்தப் படகுக்கு மட்டும் ஏன் இவ்வளவு உயரமாகச் சுவர் வைத்தாய்?” என்று ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்லிக்கொண்டே அடுத்த படகைத் தொடங்கிவிடுவார்கள். முதல் ஐந்து நிமிடம் கூட உட்கார்ந்து ஆரம்பித்துவையுங்கள். கை ஓடத் தொடங்கியதும் எழுந்து வந்துவிடலாம். அங்கேயே நின்று “இப்படி மடி, அப்படி ஒட்டு” என்று திருத்தினால் அது உங்கள் வேலையாகிவிடும்.

போனைக் கேட்டால் ஒன்று செய்து பாருங்கள். ஹெலிகாப்டர் இறங்குவதையோ சோள மாவு உருண்டை உருகுவதையோ ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்ட மட்டும் பயன்படுத்துங்கள், போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். இறக்கை எந்த இடத்தில் சுழலத் தொடங்குகிறது என்று பார்த்துவிட்டு மறுபடி வெட்டப் போய்விடுவார்கள்.

இரவில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தச் சொல்லும்போது, பாதியில் நிற்பவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள். ஒரு பழைய தட்டோ பெட்டி மூடியோ இருந்தால் போதும், அதில் இருப்பதை யாரும் தொடக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். மாவு பொம்மை காய வேண்டும், நிழல் கூத்துக்கு இன்னும் ராட்சசனின் கை வெட்ட வேண்டும் என்று ஏதாவது பாக்கி இருந்தால் காலையில் எழுந்ததும் நேராக அங்கேதான் போவார்கள், உங்களிடம் வர மாட்டார்கள்.